எழுத்துப் பாட்டு பாடுகிறான், வாசிக்க வரவில்லையே டீச்சர்?

செந்தூல், கெப்போங், பிரிக்பீல்ட்ஸ் பெற்றோர் கேட்டவை இவை. பதில் சொல்பவர் கோலாலம்பூர்த் தமிழ்ப்பள்ளிகளில் முதலாம் ஆண்டு எடுத்து, ஓய்வு பெற்ற ஆசிரியை.

டீச்சர், மகனுக்கு 5 வயது. யூடியூப்பில் எழுத்துப் பாட்டைப் போட்டால் 247 எழுத்தையும் தவறாமல் பாடுகிறான். புத்தகத்தில் ‘ம’வைக் காட்டினால் முழிக்கிறான்.

அவனுக்குத் தெரிந்தது பாட்டும்மா. அந்தப் பாட்டில் ‘ம’ எந்த இடத்தில் வரும் என்று தெரியும், எப்படி இருக்கும் என்று தெரியாது. சந்தேகம் இருந்தால் நடுவில் நிறுத்தி, திரையில் நிற்கும் எழுத்தைக் கேளுங்கள். முதலிலிருந்து முணுமுணுத்துக்கொண்டு வந்துதான் சொல்வான்.

சின்னப் பிள்ளைகளின் கண் படத்துக்குத்தான் போகும். அம்மா மடியில் உட்கார்ந்து கதைப் புத்தகம் கேட்கும்போதுகூட எழுத்தின் பக்கம் அவர்கள் அதிகம் திரும்புவதில்லை என்று, கண்ணசைவைப் பதிவு செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. திரையில் மயில் ஆடும்போது மூலையில் இருக்கும் ‘ம’வை யார் பார்ப்பார்கள்? போதாததற்கு எழுத்துக்கே கண், மூக்கு, கைகால் வைத்து ஆட விடுகிறார்கள். எது எழுத்தின் கோடு, எது அதன் கை என்று எனக்கே புரிவதில்லை.

பாட்டை நிறுத்த வேண்டாம். அதிலிருந்து ப, ட, ம மூன்றை மட்டும் எடுங்கள். இந்த மூன்றும் ஒரு புள்ளியும் இருந்தால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வந்துவிடும். அந்த எழுத்து வரும் இடத்தில் வீடியோவை நிறுத்தி, அவன் விரலாலேயே திரையில் எழுத்தின் மேல் வரையச் சொல்லுங்கள், ஒலியையும் அவனே சொல்லட்டும். ‘படம்’, ‘பட்டம்’ இரண்டிலும் ‘ட’ ஒலிப்பது வேறு மாதிரி. அதை விளக்கிக்கொண்டிருக்காதீர்கள், பழகிய சொல் என்பதால் வாய் தானே சரிசெய்துகொள்ளும். பிறகு திரையை அணைத்துவிட்டு வெளியே தேடச் சொல்லுங்கள். ‘பத்துமலை’ என்று எழுதிய இடத்திலேயே ‘ப’வும் ‘ம’வும் இருக்கின்றன. ‘பட்டம்’ என்று தானே கூட்டி வாசித்த பிறகு நாலாவது எழுத்துக்குப் போகலாம்.

ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு இப்போதே போட்டுக் காட்டலாமா?

வேண்டாம். இந்த வயதுக்குத் திரையே வேண்டாம் என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது. பாட்டி பேச்சுக் கொடுக்கட்டும், அது போதும்.

மகள் ‘கெ’, ‘கே’, ‘கொ’ வந்தால் திணறுகிறாள். வீடியோவில் எத்தனையோ முறை பார்த்துவிட்டாள்.

இது அவள் குற்றம் இல்லை. ‘கெ’ என்று சொல்லும்போது காதில் முதலில் விழுவது ‘க்’, பிறகு ‘எ’. தாளில் பார்த்தால் கொம்பு முன்னால் நிற்கிறது. இடமிருந்து வலமாகப் படித்துப் பழகும் கண் அங்கே தடுக்கி விழுகிறது. ‘கொ’வில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. பல வீடியோக்களில் எழுத்து முழு உருவமாக ‘டிங்’ என்ற சத்தத்தோடு வந்து விழும், எப்படிச் சேர்ந்தது என்பதே தெரியாது.

பழைய நாள்காட்டி அட்டையை வெட்டுங்கள். ஒரு துண்டில் ‘க’. ஒல்லியான துண்டுகளில் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, கால். ‘க’வை மேசையில் வைத்து முதலில் அதைச் சொல்லட்டும். பிறகு கொம்பை இடப்பக்கமிருந்து தள்ளிக்கொண்டு வந்து ஒட்ட வைத்து, ‘கெ’. கொம்பு அங்கேயே இருக்க, ‘க’வை எடுத்துவிட்டு ‘ம’வை வைத்தால் ‘மெ’. அவள் கையாலேயே செய்ய வேண்டும், நீங்கள் செய்து காட்டினால் அதுவும் இன்னொரு வீடியோதான். கு, சு, து, மு வரிசைக்கு இந்த வித்தை பலிக்காது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வளைவதால் தனித்தனியாகத்தான் பழக வேண்டும்.

போனை வாங்கினால் அழுது புரள்கிறான்.

தானாக அடுத்தது ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். போனைக் கையில் கொடுக்காமல் டிவியில் போடுங்கள். ஒரு வீடியோதான் என்று தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அழுதால் அழட்டும்.

பாலர் பள்ளியில் மலாய் மளமளவென்று வாசிக்கிறாள், தமிழ் இழுக்கிறது. தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புவதா என்று வீட்டுக்காரர் யோசிக்கிறார்.

மலாயை 26 எழுத்தில் அடக்கிவிடலாம், பெரும்பாலும் எழுதியபடியே வாசிக்கலாம். முந்திக்கொள்ளத்தான் செய்யும். ‘மா’வையும் ‘த்தா’வையும் கூட்டி ‘மாத்தா’ என்று வாசிக்கிறாளே (மலாயில் கண் என்று பொருள்), அந்தக் கூட்டும் திறமைதான் தமிழுக்கும் வேண்டும். அது கைக்கு வந்துவிட்டது என்று வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். இரண்டு மொழி வீடியோவையும் ஒரே மூச்சில் மட்டும் போடாதீர்கள்.

தமிழ்ப் படத்துக்குக் கீழே வரும் வரிகளைப் பார்த்தால் வாசிப்பு வளருமா?

நம் ஊரில் தமிழ்ப் படத்துக்கு ஓடுவது மலாய் வரி. அதனால் மலாய் வாசிப்பு வேண்டுமானால் வளரும்! தமிழ்ப் பாட்டுக்குத் தமிழிலேயே வரி ஓடினால் பலன் உண்டு. பிரிஜ் கோத்தாரி என்பவர் 1999இல் குஜராத் தொலைக்காட்சியில் திரைப்பாடல்களுக்கு அதே மொழியில் வரிகளை ஓட விட்டார். வாசிப்பில் தடுமாறுகிறவர்களுக்கு அது நல்ல பயிற்சியாக அமைந்தது. ஆனால் எழுத்து ஓரளவு தெரிந்த பிறகுதான் இது உதவும். 7, 8 வயதில் பிடித்த பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்பப் போடுங்கள்.

தாத்தா எழுதும் ‘லை’ வேறு மாதிரி இருக்கிறது. வீடியோவில் வருவது சரியா?

வீடியோவில் வருவதைப் பழக்குங்கள். தாத்தா எழுதுவது 1978இல் தமிழ்நாடு எழுத்துச் சீர்திருத்தம் செய்வதற்கு முந்தைய வடிவம். தாத்தாவைத் திருத்தப் போக வேண்டாம்.

நான் மலாய் வழித் தேசியப் பள்ளியில் படித்தவள் டீச்சர். எனக்கே தமிழ் வாசிக்கத் தெரியாது. எப்படிச் சொல்லிக் கொடுப்பேன்?

வீடியோ மிக அதிகமாக உதவப் போவது உங்களுக்குத்தான். வேகத்தை 0.75க்குக் குறைத்து, பிள்ளையோடு உட்கார்ந்து நீங்களும் படியுங்கள். நிறுத்திய இடத்தில் யார் முதலில் சொல்வது என்று போட்டி வைத்தால் அவன் சந்தோஷமாக உங்களைத் தோற்கடிப்பான். ‘ல, ள, ழ’வுக்கு மட்டும் வீடியோவை நம்பாதீர்கள், மூன்றையும் ஒன்றுபோலச் சொல்கிறவர்கள் நிறைய. பள்ளி ஆசிரியரைச் சொல்லச் சொல்லி உங்கள் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். இன்னொன்று, தமிழ்ச் சொல்லுக்குக் கீழே ரோமன் எழுத்திலும் போட்டிருப்பார்கள். அதை முதலில் வாசிக்கப் போவது நீங்கள்தான், பிள்ளை உங்களைப் பார்த்துப் பழகிவிடுவான். டிவியின் அடிப்பக்கத்தில் அந்த வரி மறையும் அளவுக்கு ஒரு தாளை ஒட்டிவிடுங்கள்.