முள்ளோடு பிறக்கும் குட்டி தாயைக் குத்தாதா? ஆப்பிரிக்க முள்ளம்பன்றி எப்படி இனம் பெருக்குகிறது?

குத்தாது. பிறக்கும்போது குட்டியின் முட்கள் ஈரமாக, வளையும் பதத்தில், உடலோடு ஒட்டிப் படிந்திருக்கும். பிறந்தபின் காய்ந்து இறுகத் தொடங்கி, ஒன்றிரண்டு வாரத்தில் குத்தும் அளவுக்கு வந்துவிடும். நகமும் முடியும் எந்தக் கெரட்டினால் ஆனவையோ, முள்ளும் அதனால் ஆனதுதான்.

இங்கே சொல்வது தென்னாப்பிரிக்கா, நமீபியா பக்கம் வாழும் கேப் முள்ளம்பன்றியைப் பற்றி. நம் ஊர்க் காடுகளில் இருப்பதும் இதே ஹிஸ்ட்ரிக்ஸ் பேரினம்தான், சிற்றினம் வேறு.

பன்றிக்கும் இதற்கும் உறவில்லை. கொறிவிலங்கு. ஆனால் எலியைப் போல வதவதவென்று பெருகாது. சினைக்காலம் சுமார் 3 மாதம் (93, 94 நாள்). ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரு குட்டி, சில சமயம் 2 அல்லது 3. ஆண்டுக்கு ஓர் ஈற்றுதான். புல் பரப்பிய வளைக்குள், கண் திறந்த நிலையில் குட்டி பிறக்கும். எடை 300 முதல் 400 கிராம். சுமார் 100 நாள் பால் குடிக்கும். முலைக்காம்புகள் வயிற்றில் இல்லை, முன்கால்களுக்குப் பின்னால் விலாவில் இருக்கின்றன. அதனால் தாய் குப்புறப் படுத்தபடியே பால் கொடுக்கும், குட்டி பக்கவாட்டில் நின்று குடிக்கும்.

இணை சேர்வதில் எல்லாம் பெண்ணின் கையில். அது முட்களைப் படிய வைத்து வாலைத் தூக்கினால்தான் ஆண் நெருங்க முடியும். கூண்டில் வைத்துக் கவனித்ததில், சினைப்படும் பருவம் இல்லாத நாட்களிலும் சோடிகள் இணைசேர்ந்தன. சோடிப் பிணைப்பைக் காக்கும் பழக்கம் என்பதே இதற்குச் சரியான விளக்கமாகத் தெரிகிறது. ஒரு வளையில் ஒரு சோடி, அதன் அடுத்தடுத்த ஈற்றுக் குட்டிகள், அவ்வளவுதான் குடும்பம். இரை தேடப் போகும் குட்டிகளுக்குத் துணையாகத் தகப்பனும் போகும். ஏறக்குறைய ஒரு வயதில் குட்டி முழு வளர்ச்சி அடைந்துவிடும். ஆனாலும் பெற்றோரோடு இருக்கும்வரை மகள்கள் ஈனுவதில்லை.

முள்ளை எய்யும் என்பது வெறும் கதை. முதலில் வால்நுனியின் உள்ளீடற்ற முட்களைக் கிலுகிலுக்கும், காலால் தரையைத் தட்டும். அதற்கும் அடங்காத சிறுத்தை, சிங்கம் மீது பின்பக்கமாகப் பாயும். தளர்வான முட்கள் தைத்து அங்கேயே தங்கிவிடும். அமெரிக்க இனத்துக்கு இருப்பது போன்ற கொக்கி நுனி இதற்கு இல்லை. ஆனால் ஆழமாகத் தைத்து சீழ் பிடித்தால் சிங்கமே சாகும். இழந்த முள் மறுபடி முளைக்கும்.

உணவு கிழங்கு, வேர், மரப்பட்டை. பட்டையைச் சுற்றிலும் கடித்துவிட்டால் மரம் பட்டுப்போகும். உருளை, பூசணித் தோட்டக்காரர்களுக்கும் இது பெரிய தலைவலி. எலும்பையும் கொறிக்கும். பாஸ்பரஸ், கால்சியம் கிடைக்கும், ஓயாமல் வளரும் முன்பற்களும் தேயும். வளை வாயிலில் பல்தடம் பதிந்த எலும்புகள் சிதறிக் கிடந்தால் உள்ளே முள்ளம்பன்றி இருக்கிறதா என்று பாருங்கள். வளை, ஆர்ட்வார்க் என்ற ஆப்பிரிக்க எறும்புதின்னி தோண்டிக் கைவிட்டதாகவும் இருக்கலாம்.