இந்த சீட் எனக்கு உரியதுதானா?

மதிப்பிற்குரிய மேடம்,

நான் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பெண். ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில், தமிழ் வழியில் படித்தேன். பள்ளியில் நான்தான் முதல் மார்க். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் இசிஇ (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்) கிடைத்தது. ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் அரசே கட்டுகிறது. முதல் செமஸ்டரில் இரண்டு அரியர் விழுந்துவிட்டது.

இப்போது இரவு மூன்று மணி வரை தூக்கம் வருவதில்லை. இன்டர்னல் தேர்வு என்றால் காலையிலேயே வயிற்றைக் கலக்குகிறது. வைவா என்ற வாய்மொழித் தேர்வில் தெரிந்த கேள்விக்கும் வாய் திறக்க வரவில்லை. ஒருநாள் வகுப்பில் ஒருவன் "கோட்டாவுல வந்தவங்க" என்று பேசியது காதில் விழுந்தது. அன்றிலிருந்து, வேறு யாருக்கோ போக வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருப்பதாகவே தோன்றுகிறது. அப்பா தினமும் போன் செய்வார். "நல்லா படிக்கிறேன்பா" என்று சொல்லி வைத்துவிட்டு அழுவேன். அரியர் விஷயம் ரூம்மேட்டுக்குக்கூடத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிறவள் நான். என் சுபாவமே இப்படித்தானா? படிப்பை விட்டுவிடலாமா?

இப்படிக்கு,
இரண்டாம் செமஸ்டர் மாணவி

அன்பு மகளுக்கு,

சீட்டைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். உன்னை அதிகம் அரிப்பது அதுதான். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தொழிற்கல்விக்குள் மிகக் குறைவாகவே வர முடிந்ததால்தான் 2021-இல் தமிழ்நாட்டில் அந்த ஒதுக்கீட்டுக்கான சட்டம் வந்தது. அந்த ஒதுக்கீட்டுக்குள்ளும் தரவரிசைப்படிதான் இடம். நீ மார்க் வாங்கி, வரிசையில் நின்று எடுத்த சீட் அது. அந்தப் பையனுக்கு இது தெரிந்திருக்காது.

உன் மனம் பேசுகிற பேச்சை 1978-இலேயே பாலின் கிளான்ஸ், சூசான் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள். நன்றாகப் படித்து மேலே வந்த பெண்கள் பலர், தாங்கள் தகுதியில்லாமல் உள்ளே வந்துவிட்டதாகவும் என்றைக்காவது மாட்டிக்கொள்வோம் என்றும் பயந்தார்கள். உன் வகுப்பிலேயே வாய் திறக்காமல் இதே பயத்தோடு இருப்பவர்கள் இருக்கலாம்.

கவலைப்படும் சுபாவம் உனக்குச் சற்றுக் கூடுதல், சரி. அது நோயில்லை. எல்லோரிடமும் கூடவோ குறையவோ இருக்கிற ஒரு பண்பு. பள்ளியில் மறுபடி மறுபடி சரிபார்த்துப் படிக்க வைத்ததும் அதுவாக இருக்கலாம். ஆனால் அந்தச் சுபாவத்தோடு அரியரையும் மறைத்துவைத்தால் பாரம் ஏறிக்கொண்டேதான் போகும். ரூம்மேட்டிடம் இந்த வாரமே சொல்லிவிடு. இதே ஒதுக்கீட்டில் வந்த சீனியர் அக்கா யாராவது இருந்தால் அவரையும் தேடிப் பிடி. அரியர் எழுதிக் கடந்தவராக இருந்தால் இன்னும் நல்லது.

வைவாவில் நடப்பதைச் சொல்கிறேன். ஒரே சமயத்தில் மனதில் பிடித்துவைக்க முடிவது கொஞ்சம்தான். அதில் ஒரு பங்கைப் பயம் எடுத்துக்கொள்கிறது, இன்னொரு பங்கைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றும் வேலை எடுத்துக்கொள்கிறது. விடைக்கு இடமே மிஞ்சுவதில்லை. அதனால் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது உன் பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தை எடுத்து வா. கெப்பாசிட்டர் என்று இங்கே மிரட்டுவது, நீ கணக்குப் போட்டுப் பழகிய மின்தேக்கிதான். இண்டக்டர், மின்தூண்டி. முதலில் தமிழில் புரிந்துகொள், ரூம்மேட்டிடம் தமிழிலேயே வாய்விட்டு விளக்கு, அப்புறம் அதையே ஆங்கிலத்தில் சொல்லிப் பார். புரியாததை உருப்போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

தூக்கத்தைக் குறைக்காதே. பகலில் படித்தது மனதில் நிலைப்பதற்குத் தூக்கம் வேண்டும். எத்தனை மணிக்குப் படுத்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்திரு. சில நாளில் தூக்கம் தானாக முன்னால் வரும். இரண்டு வாரத்துக்குப் பிறகும் இப்படியே இருந்தால் மருத்துவரைப் பார். உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று ஒருமுறை தோன்றினாலும் அன்றைக்கே 14416-ஐக் கூப்பிடு. டெலி மானஸ் என்ற அரசு உதவி எண், இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

படிப்பை விடுவதா என்ற முடிவை இந்தத் தூக்கமில்லாத நாட்களில் எடுக்காதே.

அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டியதில்லை. "ரெண்டு பேப்பர் போயிடுச்சுப்பா, அடுத்த தடவை திரும்ப எழுதுறேன்" என்று மட்டும் சொல். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கலாம். போனை வைத்துவிடாமல் காத்திரு.