கப்ஸ் மாலையை நடத்தப் போகும் தேவகோட்டைத் தங்கச்சிக்கு

தேவகோட்டையிலிருந்து இங்கிலாந்தின் லெஸ்டருக்கு வந்து ஒரு வருஷமான தங்கச்சி கேட்டிருப்பது இது: “ஆச்சி, மகளுக்கு எட்டு வயசு. பக்கத்துச் சாரணர் குழுவில், சின்னப் பிள்ளைகள் பிரிவான கப்ஸில் சேர்க்கப் போனால் இடமில்லை, பெற்றோரில் யாராவது உதவிக்கு வந்தால் பார்க்கலாம் என்றார்கள். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். ஜனவரியில் ஆரம்பிக்கும் பருவத்தில் இரண்டு மாலைகளை நானே திட்டம் போட்டு நடத்தணுமாம். 24 பிள்ளைகள், ஒன்றரை மணி நேரம். ஊரில் பத்துப் பேர் முன்னால் நின்று பேசிய பழக்கம்கூட எனக்குக் கிடையாது. என் இங்கிலீஷைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்தால்? என்ன விளையாட்டு வைப்பது?”

நல்ல நேரத்தில் கேட்டீர்கள். பிள்ளையார் நோன்புக்கு ஊருக்கு வந்து கானாடுகாத்தானில் உட்கார்ந்திருக்கிறேன். வளவு முழுக்க, அதாவது வீட்டு உள்முற்றம் முழுக்க, பிள்ளைகள். சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர் என்று ஒவ்வொரு திக்கிலிருந்தும் வந்து இறங்கியவை. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில் பாதி என் கண்ணெதிரே நடந்துகொண்டிருக்கிறது.

என்ன விளையாட்டு என்று நீங்கள் கடைசியில்தான் கேட்கிறீர்கள். அதற்கு முன்னால் எழுதியிருப்பதெல்லாம் 24 பிள்ளைகளும் உங்களையே பார்த்துக்கொண்டு நிற்பார்களே என்ற கலக்கம். ஆகவே திட்டத்தை அங்கிருந்தே தொடங்குவோம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் எல்லாப் பிள்ளைகளும் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டிய நேரம் மொத்தமாகச் சேர்த்தாலும் ஐந்தாறு நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. மீதி நேரம் முழுக்க அவர்கள் கண் அவரவர் கைவேலையில் இருக்கட்டும்.

நேற்றுச் சாயங்காலம் எங்கள் பெரிய அயித்தை ஓலைக் கீற்றுகளை ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து கொட்டான் என்கிற ஓலைக் கூடை முடைய உட்கார்ந்தார். யாரையும் கூப்பிடவில்லை. குறுக்கும் நெடுக்குமாக நாலு கீற்றைக் கோத்து அடி போட்டார். சிங்கப்பூர்ப் பையன் போனை வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தான். அவன் கையில் ஒரு கீற்றைத் திணித்து, “மேல ஒண்ணு, கீழ ஒண்ணு” என்றார். பேச்சு அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் ஏழெட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அவனுக்குத் தமிழ் அரைகுறை, அயித்தைக்கு இங்கிலீஷ் மருந்துக்கும் கிடையாது. அவன் கற்றுக்கொண்டதைப் பக்கத்தில் இருந்த குட்டிக்குக் காட்டிக்கொடுத்தான், அவள் இழுத்த இழுப்பில் ஒரு கீற்று கிழிந்தது, இன்னொன்று எடுத்துக்கொண்டாள். ஒருத்தரும் அயித்தையை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

கப்ஸில் இதற்குத் தோதான ஏற்பாடு ஏற்கனவே இருக்கிறது. எட்டிலிருந்து பத்தரை வயசு வரை உள்ள அந்தப் பிள்ளைகளைச் ‘சிக்ஸ்’ என்று சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்து, மூத்த பிள்ளை ஒன்றைச் ‘சிக்ஸர்’ ஆக்கியிருப்பார்கள். ஆறு ஆறு பேராகப் பிரித்தால் 24 பேருக்கு நாலு குழு. நீங்கள் 24 பேரிடம் விளக்க வேண்டாம். நாலு சிக்ஸரை ஓரமாகக் கூப்பிட்டு, செய்து முடித்த மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்துச் சொல்லுங்கள். அவர்கள் போய்த் தங்கள் குழுவுக்குச் சொல்லிக்கொள்வார்கள். இது குறுக்குவழி கிடையாது. சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907-இல் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் சோதனை முகாமிலேயே பையன்களை ஓநாய், காளை, கர்லூ, அண்டங்காக்கை என்று நாலு அணியாகத்தான் பிரித்தார். இயக்கத்தின் அடிப்படையே அதுதான்.

இன்னொரு துணை, ‘யங் லீடர்’கள். 14 முதல் 18 வயசுப் பிள்ளைகள் உதவிக்கு வருவார்கள். பெரும்பாலும் அவர்களே கப்ஸில் இருந்து வளர்ந்தவர்கள், விளையாட்டெல்லாம் அத்துப்படி. உங்கள் குழுவில் ஒருவர் இருந்தால், ஓடி ஆடும் விளையாட்டு முழுவதையும் அவர் தலையில் கட்டிவிடுங்கள். சந்தோஷமாகச் செய்வார்கள், அது அவர்கள் பயிற்சிக்கும் கணக்கு.

பிள்ளைகளை அடக்கக் கத்த வேண்டாம். ஒரு கையை உயரத் தூக்கிக்கொண்டு சும்மா நில்லுங்கள். அதைப் பார்த்தவுடன் அவர்களும் கையைத் தூக்கி வாயை மூட வேண்டும் என்பது அங்கே பழக்கம். முதல் தடவை ஹால் அடங்கும் வரை நிற்பது ரொம்ப நேரம் மாதிரி இருக்கும். கையைக் கீழே விட்டுவிடாதீர்கள்.

இங்கிலீஷுக்கு வருவோம். அங்கே தலைவர்களைப் பிள்ளைகள் அகேலா, பாலூ, பகீரா என்று ‘ஜங்கிள் புக்’ கதையின் காட்டுப் பெயர் வைத்துத்தான் கூப்பிடுவார்கள். உங்களுக்கும் ஒன்று கிடைக்கும்; உங்கள் பெயரை யாரும் கடித்துத் துப்ப வேண்டியிருக்காது. எட்டு வயசுப் பிள்ளை உங்கள் உச்சரிப்பைத் திருத்தினால் நன்றி சொல்லிவிட்டுத் திருத்திச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை உங்கள் கட்சி. தலைவர்களும் உறுதிமொழி எடுக்கணும் என்பார்கள். ‘காட்’ என்று வரும் இடத்தில் இந்துக்கள் ‘மை தர்மா’ என்று சொல்லிக்கொள்ள வழி இருக்கிறது, கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்குத் தனி வாசகமே உண்டு. வாய்விட்டுக் கேளுங்கள், கொடுப்பார்கள்.

சரி, முதல் மாலைக்கு என்ன வைக்கலாம்? ஆத்தங்குடிக் கல்.

நம் வீட்டுத் தரையில் பார்த்ததுதான். ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகை மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு நிறச் சிமெண்ட்டை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் மேலே உலர்ந்த சிமெண்ட்டும் மணலும் தூவி, கலவை போட்டு அடைத்து, காய்ந்த பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுவார்கள். கண்ணாடியில் படிந்த பக்கம் இழைக்காமலேயே மின்னும். லெஸ்டர் ஹாலில் சிமெண்ட் குழைக்க வேண்டாம். சதுரமாக வெட்டிய கெட்டி அட்டை ஆளுக்கு ஒன்று, 20 சென்டிமீட்டர் அளவு. அட்டையின் ஒரு மூலையில் கால்வட்டம். அதற்குள்ளும் வெளியேயும் பூவோ கொடியோ அவரவர் இஷ்டம். நிறம் மட்டும் ஒரு குழுவுக்கு மூன்றுதான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அதுதான் கடைசியில் தரையைத் தரையாகக் காட்டும். முடித்ததும் நாலு அட்டையின் மூலைகளையும் சேர்த்தால் முழு வட்டம். 24 அட்டைக்கு ஆறு வட்டம். ஆறு பேர் குழுவில் நாலு போக இரண்டு அட்டை மிஞ்சும், இல்லையா? அடுத்த குழுவின் இரண்டோடு சேர்த்தால்தான் வட்டம் முடியும். நிறம் ஒத்துவராது, ஒரே பேரமும் சண்டையுமாக இருக்கும். அந்தப் பத்து நிமிஷம் நீங்கள் தள்ளி நின்று வேடிக்கை பார்க்கலாம்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. நம் ஊர்க்காரர்களிடம் ஒரு மாலையைக் கொடுத்தால் உடனே ஆயிரம் ஜன்னல் வீட்டுப் படத்தைத் திரையில் போட்டு, நகரத்தார் வரலாற்றை ஆரம்பித்துவிடுவோம். வேண்டாம். கல் பதித்த தரையின் படம் ஒன்று, பெரிதாக அச்சடித்து சுவரில் ஒட்டினால் போதும். கேட்கிற பிள்ளைக்குச் சொல்லுங்கள், கேட்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது மாலையை விளையாட்டு மாலையாக வையுங்கள். குலை குலையா முந்திரிக்காவுக்கு ஒரு துணி போதும், கப்ஸ் பிள்ளைகள் கழுத்தில் ஸ்கார்ஃப் இருக்கவே இருக்கிறது. கிளித்தட்டுக்குக் கோடு வேண்டும். மாஸ்கிங் டேப் ஒட்டலாமா என்று ஹால்காரர்களிடம் முன்கூட்டியே கேளுங்கள், பளபளப்பான மரத்தரை என்றால் முகம் சுளிப்பார்கள். உட்கார்ந்து ஆடுவதற்குப் பல்லாங்குழி. பன்னிரண்டு முட்டை வைக்கும் அட்டைப்பெட்டி ஒன்றும் இரண்டு காகிதக் கப்பும் சேர்ந்தால் பதினாலு குழி. சோழிக்குப் பதில் சட்டைப் பொத்தான். ராஜ்மா கொட்டையை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பச்சையாகத் தின்றால் வயிற்றைப் புரட்டி எடுக்கும், இந்த வயசில் பந்தயம் கட்டித் தின்கிற பிள்ளைகள் உண்டு.

எது வைத்தாலும் வரிசை மட்டும் வேண்டாம். என் குழுவில் ஒரு தடவை ஒருவர் மெழுகுவர்த்தி செய்யும் மாலை போட்டார். அழகான யோசனைதான். ஆனால் அடுப்பு ஒன்று, மெழுகுப் பாத்திரம் ஒன்று. ஒரு பிள்ளை திரியை முக்கி எடுக்கும்போது மீதிப் பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கணும். பின்னால் நின்றவன் முன்னால் நின்றவனை இடித்தான், அவன் திருப்பி இடித்தான், ஹால் சந்தைக்கடை ஆகிவிட்டது. பிள்ளைகள் மேல் குற்றம் இல்லை. கத்தரிக்கோல் எத்தனை, பசை எத்தனை, மேசை எத்தனை என்று வீட்டிலேயே எண்ணிப் பாருங்கள். ஒரு பிள்ளை இரண்டு நிமிஷத்துக்கு மேல் சும்மா நிற்கும் என்று தெரிந்தால் அந்த யோசனையை மாற்றுங்கள்.

பிள்ளைகள் வந்து சேர்வதும் ஒரே நேரத்தில் நடக்காது. கதவு திறந்ததும் சேர்ந்துகொள்கிற மாதிரி ஓடும் விளையாட்டு ஒன்று நடந்துகொண்டிருக்கட்டும். வேர்க்க விறுவிறுக்க ஓடியவர்கள் பிறகு உட்காருவார்கள். வட்டமாகக் குந்தி உட்கார்ந்து ‘கிராண்ட் ஹவுல்’ என்று ஊளையிட்டுத் தொடங்குவதை அகேலா, அதாவது கப்ஸின் முதன்மைத் தலைவர், பார்த்துக்கொள்வார். அப்புறம் கைவேலை, அப்புறம் மறுபடி ஓட்டம். நீங்கள் நாற்பது நிமிஷம் என்று நினைத்த வேலையைச் சில பிள்ளைகள் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு “நெக்ஸ்ட்?” என்று வந்து நிற்பார்கள். அவர்களுக்காக ஒரு விளையாட்டு மடியில் இருக்கட்டும். கயிறு ஆளுக்கு ஒரு முழம் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடச் சொன்னாலும் போதும்.

பாதுகாப்பு விஷயத்தில் நம் வழக்கத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளணும். இந்த வளவில் எந்தப் பிள்ளை அழுதாலும் எந்த ஆச்சியும் தூக்கி இடுப்பில் வைத்து இரண்டாங்கட்டுக்குக் கொண்டுபோய் முகம் கழுவி விடுவார். அங்கே ஒரு பிள்ளையோடு தனி அறையில் நீங்கள் மட்டும் இருக்கக் கூடாது. ஆறுதல் சொல்வதை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் சொல்லுங்கள். எப்போதும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருக்கணும். டி.பி.எஸ். என்கிற குற்றப் பின்னணிச் சோதனை முடிய வேண்டும், ‘மஞ்சள் அட்டை’ என்று விதிகளைத் தருவார்கள், அதைப் படித்துவிடுங்கள். பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளைகளைப் படம் எடுத்து நம் குடும்ப வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். இதெல்லாம் உங்கள் மேல் சந்தேகப்பட்டு வைத்தவை இல்லை. உங்களையும் சேர்த்துக் காப்பாற்றுபவை. என்ன ஆபத்து வரலாம், அதற்கு என்ன செய்திருக்கிறோம் என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்வார்கள். பழைய தாள் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதைப் பார்த்து எழுதுங்கள்.

பொங்கல் வருகிறதே என்று கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு போய்விடாதீர்கள். வேர்க்கடலை அலர்ஜி அங்கே விளையாட்டு இல்லை. கடைத் தீனியில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய அலர்ஜிப் பொருள்கள் என்று அந்த நாட்டுச் சட்டத்தில் 14 இருக்கின்றன. கடலை, எள், பால் எல்லாம் அதில் அடக்கம். எந்தப் பிள்ளைக்கு எது ஆகாது என்ற பட்டியல் குழுவில் இருக்கும். முகாம் நெருப்பில் வாட்டும் மார்ஷ்மெல்லோவில் சாதாரணமாக மாட்டு அல்லது பன்றி ஜெலட்டின் இருக்கும். சைவப் பிள்ளைக்கும் ஹலால் பிள்ளைக்கும் ஜெலட்டின் இல்லாத பொட்டலம் தனியாகக் கிடைக்கிறது. அதை எல்லோருக்குமே வாங்கிவிட்டால் ஒரு பிள்ளையைத் தனியாக உட்கார வைக்க வேண்டியதில்லை.

ஜனவரியில் பிள்ளைகள் வரும் நேரத்துக்கு வெளியே கும்மிருட்டு. எல்லாமே ஹாலுக்குள் நடக்கிற மாதிரிதான் யோசிக்கணும். கார் நிறுத்துமிடத்தில் சாக்கட்டியால் புள்ளி வைத்துக் கோலம் போடும் ஆசை இருந்தால் ஜூனுக்குத் தள்ளிவையுங்கள், ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். பிப்ரவரி 22 பேடன் பவல் பிறந்தநாள், அந்த வாரத்தை அகேலா எடுத்துக்கொள்வாரா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

திட்டத்தை ஒரே பக்கத்தில் எழுதி, மற்ற தலைவர்களுக்கு இரண்டு நாள் முன்னால் அனுப்புங்கள். யார் எந்த மேசை என்று பெயர் போட்டு எழுதுங்கள். “யாராவது உதவி பண்ணுங்க” என்றால் எல்லோரும் சிரித்துக்கொண்டே நிற்பார்கள். “நீங்க பசை மேசை” என்றால் போய் நிற்பார்கள். கடைசிப் பத்து நிமிஷம் பெருக்கி எடுக்க. அதையும் பிள்ளைகள்தான் செய்யணும், குழுவுக்கு ஒரு மூலை.

அட்டை, டேப், பொத்தான் வாங்கிய ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். குழுவுக்குப் பொருளாளர் இருப்பார், செலவைத் திருப்பித் தருவார். நம் பெண்கள் “பரவாயில்லை, சின்னத் தொகைதானே” என்று வெட்கப்பட்டு விட்டுவிடுவார்கள். ஐந்தொகை என்று கணக்குப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரி அப்படி விடலாமா? கேட்டு வாங்குங்கள்.