செர்ரி பூக்காத வாரத்தில் ஜப்பானியத் தோட்டம்

வணக்கம்.

நாங்கள் நியூஜெர்சியில் வசிக்கிறோம். இந்த ஆண்டு ஏப்ரல் முதல் வாரத்தில் குடும்பத்தோடு நியூயார்க்கின் புரூக்ளின் தாவரவியல் தோட்டத்துக்குச் சென்றோம். படங்களில் பார்த்திருந்த இளஞ்சிவப்புப் பூப்பந்தல் இருக்க வேண்டிய இடத்தில் மொட்டைக் கிளைகள்தான் இருந்தன. உள்ளே இருக்கும் ஜப்பானியத் தோட்டத்தில் குளத்தருகே ஏதோ கொஞ்சம் பூத்திருந்தது. அதைச் சுற்றிப் பெருங்கூட்டம். ஜப்பானியத் தோட்டம் என்று பெயர் வைத்துவிட்டு அதற்குள் செர்ரி மரங்களை ஏன் இவ்வளவு குறைவாக வைத்தார்கள்? அமெரிக்க நகரத்தின் நடுவில் இருக்கும் இதை உண்மையான ஜப்பானியத் தோட்டம் என்று கொள்ள முடியுமா? அடுத்த வசந்தத்தில் ஊரிலிருந்து பெற்றோர் வருகிறார்கள். மறுபடியும் அழைத்துச் செல்லலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் மொட்டையாகப் பார்த்தவை பெரும்பாலும் கான்சான் என்ற வகை மரங்களாக இருக்க வேண்டும். அடுக்குச் செம்பருத்தியைப் போல ஒரே பூவில் இருபதுக்கும் மேற்பட்ட இதழ்கள் செறிந்திருக்கும் அந்த வகை, புரூக்ளினில் வழக்கமாக ஏப்ரல் கடைசி வாரத்தை ஒட்டித்தான் மலரும். குளத்தருகே பூத்திருந்தது, கிளைகள் தாழ்ந்து தொங்கும் ஹிகான் வகையாக இருக்கலாம்; அது மார்ச் இறுதியிலேயே தொடங்கிவிடும். ஜப்பானின் நகரங்களில் மிகுதியாக நடப்பட்டிருக்கும் சோமெய் யோஷினோ மரங்கள் யாவும் ஒட்டுக்கட்டி வளர்த்த ஒரே மரபின் நகல்கள் என்பதால், ஓர் ஊரில் அவை ஏறக்குறைய ஒரே நேரத்தில் பூத்து ஒரே நேரத்தில் உதிர்கின்றன. புரூக்ளினில் பல வகைகளைக் கலந்து நட்டிருப்பதால் பூப்பு ஒரு மாதம் வரை நீளும். ஆனால் எந்த ஒரு நாளிலும் எல்லாம் பூத்திருக்காது.

செர்ரி ஏன் குறைவு என்ற கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஜப்பானியத் தோட்டக்கலையும் செர்ரிப்பூ பார்க்கும் வழக்கமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே வளர்ந்தவை என்றாலும், இரண்டின் நோக்கமும் வேறு. பாறை, நீர், பாசி, பைன் மரம், நடைபாதையின் வளைவு ஆகியவற்றால் ஆன தோட்டம், பூ ஒன்றுகூட இல்லாத பிப்ரவரி மாதத்திலும் முழுமையாக நிற்க வேண்டும் என்பதே அதை அமைப்பவரின் கணக்கு. கியோட்டோவின் ரியோவான்ஜி கோயிலில், வெண்சரளைப் பரப்பில் 15 கற்கள் மட்டும் கிடக்கும் அந்தப் புகழ்பெற்ற தோட்டத்தில் பாசியைத் தவிர வேறு செடியே இல்லை. செர்ரி மரம் மண்சுவருக்கு அப்பால் நின்று, வசந்தத்தில் சில நாள்கள் மட்டும் சுவரின் மேலாக உள்ளே எட்டிப் பார்க்கிறது. 1702இல் முடிக்கப்பட்ட டோக்கியோவின் ரிக்குகியென் தோட்டத்திலும் வசந்தகாலக் கூட்டம் பெரிதும் வாசலருகே தாழ்ந்து தொங்கும் ஒரே ஒரு செர்ரிக்காகத்தான் கூடுகிறது. குளத்தைச் சுற்றிய பகுதியைத் தாங்கி நிற்பவை பைன்களும் செயற்கைக் குன்றுகளும்தாம். அந்த இடத்தில் நூறு செர்ரிகளை நட்டிருந்தால் இரண்டு வாரம் கண்ணைப் பறித்திருக்கும்; மீதி ஐம்பது வாரம் குளத்துக்கும் கல்லுக்கும் இடையே எந்தப் பேச்சும் இருந்திருக்காது.

பூ பார்ப்பது இதற்கு நேர்மாறான காரியம். அது கூட்டத்துக்கானது. 1598இல் ஜப்பானை ஆண்ட தோயோதோமி ஹிதெயோஷி கியோட்டோவின் தைகோஜி கோயிலில் 700 செர்ரி மரங்களைக் கொண்டுவந்து நட்டு, விருந்தினர்களைத் திரட்டிப் பெருவிழா எடுத்தார். பின்னர் ஷோகுன், அதாவது படைத்தலைமை ஆட்சியாளர், யோஷிமுனே 1720 வாக்கில் எதோ நகரத்தின் (இன்றைய டோக்கியோ) அசுகாயாமாவில் பொதுமக்களுக்காகவே செர்ரிகளை நடச் செய்தார். அன்றிலிருந்து அந்த மரங்களின் கீழ் மக்கள் பாய் விரித்துத் தின்று, குடித்து, பாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆகவே கூட்டத்தைப் பற்றிய உங்கள் வருத்தத்தில் என்னால் பங்குகொள்ள இயலவில்லை. புரூக்ளினில் இந்த இரண்டு மரபுகளுக்கும் தனித்தனி இடம் ஒதுக்கியிருப்பதைத்தான் அந்தத் தோட்டத்தின் சிறப்பாக நான் கருதுகிறேன்: கான்சான் வரிசைகளுக்கு நடுவே விரிந்த புல்வெளி கூட்டத்துக்கு, குன்றும் குளமும் நடப்பவருக்கு.

‘உண்மையான’ ஜப்பானியத் தோட்டமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதை அமைத்தவர் தாக்கியோ ஷியோதா. இளமையில் ஜப்பானைக் கால்நடையாகச் சுற்றி நிலக்காட்சிகளைக் கற்றவர். 1907இல் அமெரிக்காவுக்கு வந்தவர். 1915இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட இத்தோட்டத்தில், எங்கு நின்றாலும் முழுக் குளமும் ஒருசேரக் கண்ணில் படாதபடி பாதையையும் குன்றுகளையும் அவர் அமைத்திருக்கிறார். ஒரு திருப்பத்தில் மறையும் தோரி எனப்படும் சிவந்த கோயில் வாசல் இன்னொரு திருப்பத்தில் வேறு கோணத்தில் நீருக்குள் நிற்கும். குன்றின் மேல் இருந்த, ஜப்பானின் மரபுச் சமயமான ஷிண்டோவின் கோயில் 1938இல் எரிக்கப்பட்டது. 1960இல்தான் அது மறுபடி கட்டப்பட்டது. ஷியோதா அதைப் பார்க்கவில்லை. போர்க்காலத்தில் ஜப்பானியர்களை அமெரிக்க அரசு அடைத்துவைத்த முகாம்களில் ஒன்றில் 1943இல் அவர் இறந்துபோனார். ஒரு நாடு அவர் கையால் தோட்டத்தைப் பெற்றுக்கொண்டு, பிறகு அவரையே அந்நியராகச் சிறையிட்ட வரலாற்றை அறிந்த பிறகு, அந்தத் தோட்டம் போதிய அளவு ஜப்பானியமாக இருக்கிறதா என்று அளந்து பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அதில் அமெரிக்காவும் கலந்திருக்கிறது என்பது உண்மைதான். எந்த விதமாகக் கலந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பெற்றோரைத் தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். ஏப்ரல் கடைசி வாரத்தில், வாரநாள் காலையாகப் பார்த்து, எந்த மரம் எந்த நிலையில் இருக்கிறது என்று தோட்டத்தின் இணையதளம் பருவத்தில் வெளியிடும் வரைபடத்தைச் சரிபார்த்துக்கொண்டு கிளம்புங்கள். கூட்டம் சேருமுன் குளத்தை ஒருமுறை மெதுவாகச் சுற்றிவிட்டு, நீரை நோக்கியிருக்கும் மண்டபத்தில் அவர்களைச் சற்று அமர்த்துங்கள். கான்சான் வரிசைக்கு அதன் பின் போனால் போதும். அவர்களுக்கு வேண்டியது பூக்கள் மட்டும்தான் என்றால் ஆற்றைக் கடந்து போகவே தேவையில்லை. உங்கள் மாநிலத்திலேயே, நியூவார்க்கின் பிராஞ்ச் புரூக் பூங்காவில் 5000க்கும் மேற்பட்ட செர்ரி மரங்கள் உள்ளன. வாஷிங்டனில்கூட அத்தனை இல்லை. அங்கே பெரும்பகுதி ஏப்ரல் நடுவிலேயே பூத்துவிடும், நுழைவுக் கட்டணமும் கிடையாது.

அன்புடன்.