ஓவியர் பதில்கள்: நண்பகலில் நீண்ட நிழல்

இருபது வருடமாகக் கதைகளுக்குக் கறுப்புக் கோட்டில்தான் படம் போட்டீர்கள். நாலைந்து இதழ்களாகக் கோட்டுக்குள் பழுப்பு மை கசிகிறதே, என்ன ஆயிற்று?
வாசகி, மயிலாடுதுறை

கவனித்துவிட்டீர்கள், சந்தோஷம். அது ஆம்ஸ்டர்டாம் செய்த வேலை. போன அக்டோபரில் ஆறு நாள் போய் வந்தேன். கடல் தாண்டியது அதுதான் முதல் தடவை.

நான் கும்பகோணத்தில் வளர்ந்தவள். எங்கள் ஊர் உச்சிவெயிலில் நிழல் காலடியில் கறுப்புத் துணி மாதிரி சுருண்டு கிடக்கும். ஓரம் பிசிறில்லாமல் இருக்கும். நிப்பும் மையும் இருந்தால் அதைப் பிடித்துவிடலாம். அங்கே அக்டோபர் பிற்பகுதியில் நண்பகலில்கூட சூரியன் 27 டிகிரிதான் ஏறுகிறது. ஆளைப்போல இரண்டு மடங்கு நீளத்துக்கு நிழல் விழுகிறது, அதுவும் வெளுத்து, ஓரம் கரைந்து. கால்வாய்த் தண்ணீரில் பட்ட வெளிச்சம் பாலத்தின் அடியில் போய் நெளிகிறது. எங்கே கோடு போடுவது? முதல் நாள் எட்டுப் பக்கம் கிழித்தேன். மறுநாள் பழுப்பு மையில் தண்ணீர் கலந்து வாஷ் போட்டேன். கை நடுங்கியது. ஆனால் அந்தப் பாலம் தாளில் வந்துவிட்டது.

பெரிய ஓவியர் என்றால் யாரையும் பார்த்துப் போடக்கூடாது என்கிறார்கள். நீங்கள் பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்டைப் பார்த்து மாறியது சரியா?
ஓவியக் கல்லூரி மாணவர், சென்னை

தம்பி, ரெம்பிராண்டே பார்த்துப் போட்டவர்தான்! அதுவும் யாரை? நம் நாட்டு முகலாயச் சிற்றோவியர்களை. 1656ஆம் ஆண்டையொட்டி, ஐம்பது வயதில், கடனில் மூழ்கித் திவாலாகி நின்ற நேரத்தில் அதைச் செய்திருக்கிறார். ஷாஜகானையும் ஜஹாங்கீரையும் ஆசியத் தாளில் பழுப்பு மையால் வரைந்திருக்கிறார். அப்படி 23 படங்கள் இன்றும் பல நாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. மரத்தடியில் நான்கு பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் ஒரு முகலாயப் படத்தின் அமைப்பை, பைபிளில் வரும் ஆபிரகாம் தேவதூதர்களுக்கு விருந்திடும் தன் செதுக்கோவியத்துக்கு எடுத்துக்கொண்டார். இந்தியாவை அவர் கண்ணால் பார்த்ததில்லை. நெதர்லாந்தை விட்டே போனதில்லை.

அவர் 1639 முதல் 1658 வரை வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். அங்கே ஒருவர் செப்புத் தகட்டில் மையைத் தேய்த்துத் துடைத்து, ஈரத் தாளை வைத்து அச்சு உருளையைச் சுற்றிக் காட்டினார். தாளை உரித்தெடுத்தபோது பக்கத்தில் நின்ற சின்னப் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது. வெளிச்சத்தையும் இருட்டையும் அப்படி ஆண்ட ரெம்பிராண்ட், மெல்லிய கோட்டுக்காக நம் ஆட்களிடம் வந்தார். கோட்டிலேயே கிடந்த நான் நிழலுக்காக அவரிடம் போனேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? தாராளமாகப் பார்த்துப் போடுங்கள். ஆனால் படத்தின் முன்னால் உட்கார்ந்து போடுங்கள், செல்போனில் எடுத்துவந்து போடாதீர்கள்.

நானும் நகரங்களை வரைபவன். அங்கே எதை வரைய வேண்டும், எதைக் கொண்டுபோக வேண்டும்?
வாசகர், விருதுநகர்

வீடுகளின் உச்சியைப் பாருங்கள். கால்வாய்க்கரை வீடுகள் ஒடுக்கமானவை, மாடிப்படி ஏணி போலச் செங்குத்து. கட்டிலும் பீரோவும் படியில் ஏறாது. அதனால் முகட்டில் ஓர் உத்திரம் வெளியே நீட்டி, அதில் கொக்கி. கயிறு கட்டி ஜன்னல் வழியாகச் சாமான் ஏற்றுகிறார்கள். சாமான் சுவரில் இடிக்காமலிருக்கப் பல வீடுகளை முன்பக்கம் சாய்த்தே கட்டியிருக்கிறார்கள். செங்குத்தாக வரைந்தால் வீடு பொய்யாகத் தெரியும், நான் இரண்டு தடவை ஏமாந்தேன்.

கிளிப், டிஷ்யூ, விரல் தெரியும் கையுறை போதும். ஈரக்காற்றில் வாஷ் காய நேரமாகும். அவசரப்பட்டு நோட்டை மூடி மூன்று பக்கம் ஒட்டிப்போனது எனக்கு. அப்புறம், சைக்கிள் பாதையில் நின்று வரையாதீர்கள்.

அங்கே ஒரு சோழர் நடராஜர் இருக்கிறாராமே? பார்த்தீர்களா?
வாசகி, சுவாமிமலை

ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டு, ஒன்றரை மீட்டர் உயரம், 300 கிலோ எடை. ராட்டர்டாம் துறைமுகத்தில் கன்டெய்னர்களைச் சோதிக்கும் எக்ஸ்ரே கூடத்துக்கு லாரியோடு கொண்டுபோய்ப் பார்த்து, உள்ளே கூடு இல்லாத கன வார்ப்பு என்று உறுதி செய்தார்கள். உங்கள் ஊர் ஸ்தபதிகள் எக்ஸ்ரே இல்லாமலே சொல்லியிருப்பார்கள்.

அவரைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. மாலை இல்லை, விளக்கு இல்லை. ஊரில் பட்டும் பூவுமாக, முகமும் தூக்கிய பாதமும்தான் கண்ணில் படும். இங்கே முதல்முறையாக இடுப்பின் வளைவு தெரிந்தது, ஊன்றிய காலில் மொத்த எடையும் இறங்குவது தெரிந்தது. பென்சிலால் இரண்டு மணி நேரம் வரைந்தேன். படம் முடியவில்லை, ஊன்றிய முழங்கால் சரியாக வரவேயில்லை.

நடராஜருக்கு வருடத்தில் ஆறு அபிஷேகம்தான். வரும் மார்கழித் திருவாதிரைக்கு எங்கள் தெருக்கோடிக் கோயிலில் விடியலுக்கு முன்பே போய் உட்காரப் போகிறேன். நோட்டுக்குக் குருக்களிடம் கேட்டுவிட்டேன். ஓரமாக உட்காருங்கோ என்றார்.