சிரிப்புக்குத்தான் பார்க்கிறேன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் அப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மாலை ஆறு மணிக்கு ஒரு செய்தி சேனலைப் போட்டால் பத்து மணி வரை மாற்றுவதில்லை. முழுக்க ஒரு கட்சியின் குரல். ஒரு சமூகத்தை இழிவுபடுத்தாமல் எந்த நிகழ்ச்சியும் முடிவதில்லை. கேட்டால், "சும்மா சிரிப்புக்குத்தான் பார்க்கிறேன்" என்கிறார். அம்மாவும், "கோபப்பட்டால்தானே கவலை, சிரிக்கத்தானே செய்கிறார்" என்கிறார். இத்தகைய சேனல்களைச் சட்டம் போட்டு மூட முடியாதா? நடுநிலையான சேனல் ஒன்றைச் சொல்வீர்களா? அப்பாவிடம் எப்படிப் பேசுவது?

ம., திருச்செங்கோடு

அன்புள்ள ம.,

நடுநிலைச் சேனல் தேடும் வேலையை வேறு யாரிடமாவது கொடுங்கள். சாய்வு எனக்கும் உண்டு, அதற்காக யாரும் என்னைச் சிறையில் போட வேண்டியதில்லை.

உங்கள் அம்மா சொன்னதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கோபப்பட்டால்தானே கவலையாம்! சில வாரங்களாக ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவின் ஆர்.டி.எல்.எம். வானொலியைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். 1993 ஜூலையில் தொடங்கிய தனியார் நிலையம். வெறுப்பு வானொலி என்றதும் பல்லைக் கடித்துக்கொண்டு கத்தும் ஒருவனைத்தான் நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அங்கே இருந்தது கொண்டாட்டம். அதுவரை மக்களுக்கு வாய்த்தது அரசு வானொலியின் கொட்டாவி வரவழைக்கும் அறிக்கை வாசிப்பு. புதிய நிலையமோ பக்கத்து நாடான ஸயீரின் (இன்றைய காங்கோ) ஆட்டப் பாடல்களைப் போட்டது, தெருவில் பேசும் மொழியில் பேசியது, நேயர்களைப் பேசவைத்தது. காந்தானோ ஹபிமானா என்ற அறிவிப்பாளனின் நையாண்டிக்கு ஊரே காது கொடுத்தது. அவன் யாரைக் கேலி செய்தானோ அவர்களே அவனுக்குத் தொலைபேசியில் பேசினார்கள்.

1994 ஏப்ரல் 6 இரவு அதிபரின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அடுத்த நூறு நாட்களில் சுமார் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் அங்கே சிறுபான்மையினரான டுட்சிகள். வானொலியின் குரல் அப்போதும் அதே குரல்தான். ஜூன் 4 அன்று காந்தானோ சொல்கிறான்: ஆளின் உயரத்தைப் பாருங்கள், தோற்றத்தைப் பாருங்கள், அந்தச் சின்ன மூக்கைப் பாருங்கள், பிறகு அதை உடையுங்கள். ஜூலை 2 அன்று, "எனக்கு போன் செய்துகொண்டிருந்த இன்கொடான்யிகள் எல்லாம் எங்கே போய்விட்டார்கள்?" என்று கேட்கிறான். டுட்சிப் போராளிகளை அப்படித்தான் அழைப்பார்கள். அவர்கள் ஒழிந்திருப்பார்கள் என்று தானே பதிலும் சொல்லிவிட்டு, "வாருங்கள் நண்பர்களே, மகிழ்வோம், ஆண்டவன் நீதிமான்" என்று பாடுகிறான். பாடுகிறான், ம.! இதெல்லாம் தான்சானியாவின் அருஷாவில் ருவாண்டாவுக்காக அமைந்த சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயத்தின் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது.

கோபம் ஒரு மணி நேரத்தில் களைத்துவிடும். தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுவோம், காலையில் கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கும். சிரிப்புக்குக் களைப்பும் இல்லை, வெட்கமும் இல்லை. பக்கத்தில் இருப்பவரையும் இழுத்து உட்காரவைக்கும். ஒரு கூட்டத்தைக் கரப்பான் பூச்சி என்று முதல்முறை கேட்கும்போது திடுக்கிடுகிறவர்கூட நூறாவது முறை திடுக்கிடமாட்டார். அந்த வானொலி டுட்சிகளை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது, வேடிக்கையாக, பாட்டுக்கு நடுவே.

குரலின் மேல் வரும் பிரியம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் நாள் முழுக்க இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவை ஓடும். அறிவிப்பாளர்கள் எல்லோரும் என் பாட்டிக்கு "நம்ம பிள்ளைகள்". ஒருநாள் ஓர் அறிவிப்பாளர் பேச்சுக்கு நடுவே இருமிவிட்டார். "கடல் தாண்டி இருக்கிற பிள்ளைக்குச் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுக்க ஆள் உண்டோ இல்லையோ" என்று பாட்டி அன்று முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்தாள். அந்தக் குரல்கள் பாட்டு போட்டன, பிறந்தநாள் வாழ்த்து படித்தன. அதே பிள்ளை ஒருநாள் அடுத்த தெருக்காரர்களைப் பூச்சி என்று சொல்லியிருந்தால் பாட்டி வானொலியை அணைத்திருப்பாளா? அணைத்திருப்பாள் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது.

நம் ஊரை ருவாண்டாவோடு ஒப்பிடுவதா என்று சிலர் கிளம்பி வருவார்கள். வரட்டும். வானொலி மட்டும் கொல்லவில்லை. ஆயுதக் குழுக்களும் சாலைத் தடைகளும் உள்ளூர் அதிகாரிகளும் சேர்ந்து செய்த வேலை அது. நான் பேசுவது சிரிப்பைப் பற்றி.

சட்டம் கேட்கிறீர்கள். அங்கே சட்டமும் இருந்தது, தகவல் அமைச்சரும் இருந்தார். ஃபௌஸ்டின் ருகோகோசா என்று பெயர். 1993 நவம்பரிலும் 1994 பிப்ரவரியிலும் நிலையத்தாரை அழைத்து எச்சரித்தார். அவர்களோ அதிபருக்கு வேண்டப்பட்டவர்கள். ஏப்ரல் 7 அன்று அமைச்சரே கொல்லப்பட்டார். நிலையத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஃபெர்டினாண்ட் நஹிமானா வரலாற்றுப் பேராசிரியர், உங்கள் அப்பாவைப்போல வகுப்பெடுத்தவர். 1992-இல் அவர் அரசு தகவல் நிறுவனத்தின் தலைவராக இருந்தபோது அரசு வானொலியில் ஒரு பொய்ச்செய்தி வந்தது, புகேசேரா பகுதியில் கொலைகள் நடந்தன, அவர் பதவி போனது. அடுத்த ஆண்டே புது நிலையம்! 2003-இல் ஆயுள் தண்டனை, 2007 மேல்முறையீட்டில் அது 30 ஆண்டாகக் குறைந்தது. கொலைகள் நடந்துகொண்டிருந்தபோதே ஒலிபரப்பை முடக்கலாமா என்று அமெரிக்காவில் யோசித்தார்கள். ஒலிபரப்பை முடக்கும் விமானம் பறக்க மணிக்கு 8,500 டாலர் ஆகும் என்று அவர்களின் ராணுவத் தலைமையகமான பென்டகனில் குறிப்பு எழுதி வைத்தார்கள். சட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை, அது வந்து சேரும் வரை வரவேற்பறையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். நான்கு மணி நேரம் ஒருவர் அந்தப் பெட்டியோடு உட்கார்ந்து சிரிக்கிறார் என்றால், அவரோடு உட்கார்ந்து சிரிக்க வீட்டில் யார் இருக்கிறார்கள்? நீங்கள் அவருடன்தான் வசிக்கிறீர்களா, எப்போதாவது வந்து போகிறவரா என்று கடிதத்தில் இல்லை. ஆசிரியராக இருந்தவருக்கு எதிரே ஆள் வேண்டும். உங்களிடம் அந்த ஆறு மணி காலியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எப்படிப் பேசுவது என்பதைப் பிறகு யோசிக்கலாம்.

இன்னொன்று. கடிதத்தின் கடைசியில் அந்தக் கட்சிக்காரர்களைப் பற்றி ஒரு துணுக்கு எழுதியிருந்தீர்கள், அவர்களை ஒரு விலங்கோடு சேர்த்து. நல்ல துணுக்குதான், எனக்கும் சிரிப்பு வந்தது. அதை வெட்டிவிட்டுத்தான் உங்கள் கடிதத்தை வெளியிட்டிருக்கிறேன்.