80 ஆண்டுக்கு ஒருமுறை பெரிய போர் வரும் என்கிற தலைமுறைச் சுழற்சிக் கோட்பாடு எல்லா நாடுகளுக்கும் பொருந்துமா?

என் பதில்: பொருந்தாது. கோட்பாடு சொல்வது இதுதான். ஒரு மனித ஆயுள் அளவுக்கு, சுமார் 80 ஆண்டு, நான்கு தலைமுறை ஒரு சுற்று. போரை நேரில் பார்த்தவர்கள் மறைந்ததும் அந்தப் பயமும் போய்விட, அடுத்த பெரிய நெருக்கடி வந்துவிடும். இதை உருவாக்கியவர்கள் அமெரிக்கர்கள், அதனால் அமெரிக்காவுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது: 1775 விடுதலைப் போர், 1861 உள்நாட்டுப் போர், 1941 இரண்டாம் உலகப் போர்.

சரி, பிரான்ஸையும் ஜெர்மனியையும் எடுத்துக்கொள்ளுங்கள். இவர்களுக்குள் பெரிய போர் மூண்ட ஆண்டுகள் 1870, 1914, 1939. இடைவெளி 44 ஆண்டு, அப்புறம் வெறும் 25. இரு நாட்டு எல்லையில் இருக்கும் அல்சாஸ் பகுதியில் 1865இல் பிறந்த ஒருவர் எழுபதுகளின் நடுவயது வரை இருந்திருந்தால், ஊரை விட்டு நகராமலே 1871இல் ஜெர்மனிக்கும், 1918இல் பிரான்ஸுக்கும், 1940இல் மறுபடி ஜெர்மனிக்கும் கைமாறியிருப்பார். இங்கே யாரும் எதையும் மறக்கவே இல்லையே!

எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். முதல் உலகப் போரின் பதுங்குகுழி நினைவு பிரிட்டனிலும் பிரான்ஸிலும் எப்பாடு பட்டாவது போரைத் தவிர்க்க வேண்டும் என்ற மனநிலையை உண்டாக்கி, ஹிட்லருக்குச் செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்த 1938 மியூனிக் உடன்பாடு வரை கொண்டுபோனது. அதே போரில் சிப்பாயாக இருந்த ஹிட்லருக்கோ அந்த நினைவு பழிவாங்கும் வெறியாக மாறியது. வயது ஒன்று, அனுபவம் ஒன்று, விளைவு மட்டும் நேரெதிர். தோற்றவர்கள் மீது என்ன உடன்படிக்கை சுமத்தப்பட்டது, பொருளாதாரம் எப்படி நொறுங்கியது என்பதையெல்லாம் விட்டுவிட்டுத் தலைமுறையை மட்டும் எண்ணினால் 1939 ஏன் வந்தது என்று புரியவே புரியாது.